முதல் தூணிலேயே விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்று உள்ளே வந்த வண்டி அறுபத்திரண்டு, வெளியே போனது அறுபது. பதிவேட்டை எழுதி முடித்தாயிற்று. பழைய நோட்டில் மீதிப் பக்கம் கிடக்கிறதே, என் கதையையும் நாலு வரி எழுதி வை என்றேன். மூடிய பேனாவை மறுபடி திறந்தாள். சொல்வது என் வாய், எழுதுவது என் வீட்டுக்காரியின் கை. எனக்கு எழுத்து தெரியாது. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு நான் காவல். பகல் வேலை. தெருவிலிருந்து வண்டி ஒரு சரிவில் இறங்கும். சரிவுக்குக் கூரை உண்டு, பக்கவாட்டில் ஏழு தூண். ஐந்தாவது தூணில் வளைவு. வளைவைத் தாண்டினால் குறுக்குக் கட்டை, அதன் அருகில் என் கூண்டு. வளைவில் மாட்டிய குண்டுக் கண்ணாடியில் மேலிருந்து இறங்கும் வண்டி தெரியும். தெரியும் என்றால் என்ன, வெளிச்சத்தை முதுகில் வைத்துக்கொண்டு வரும் ஒரு கறுப்புக் கட்டி. நிறம் தெரியாது. நம்பர் தெரியாது, தெரிந்தாலும் படிக்க நான் எங்கே போவது?

ஆனால் இந்தக் காலத்து வண்டிகளுக்கு ஒரு குணம். இருட்டு பட்டால் தானாகவே முன்விளக்கைப் போட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூணில். எந்தத் தூண், எத்தனை வேகம், என்ன நேரம் - இந்த மூன்றும் சேர்ந்தால் போதும், எந்த வீட்டு வண்டி என்று சொல்லிவிடுவேன். வண்டி கிட்டே வருமுன் கட்டையைத் தூக்கிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி நம்பரைப் பார்த்துத் திறந்தார்களாம். நான் வந்த மூன்று வருஷத்தில் இந்தக் கட்டடத்துக்காரர் யாரும் என் கட்டைக்கு முன்னால் பிரேக் போட்டதில்லை.

முன்பு முப்பது வருஷம் சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தவன். நானூறு சைக்கிள். டோக்கன் தொலைந்தாலும் ஆள் முகத்தைப் பார்த்து சைக்கிளை எடுத்துக் கொடுப்பேன். முப்பத்தெட்டு கார் எனக்கு ஒரு கணக்கா?

மார்ச் 6, வியாழன்

இன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

பல் டாக்டரம்மாவின் வண்டி மூன்றாவது தூண். இரண்டு வருஷமாக அப்படித்தான். மாலை நாலரைக்கு ஒரு வண்டி முதல் தூணிலேயே பளிச்சென்று விளக்கைப் போட்டது. முதல் தூண் ஆட்கள் மூன்று பேரும் உள்ளே இருக்கிறார்கள். வெளியாள் என்று கட்டையைத் தூக்காமல் எழுந்து நின்றேன். வந்து நின்றது டாக்டரம்மா.

"என்ன தாத்தா, என்னையே மறந்துட்டீங்களா?"

"உங்கள எங்கம்மா மறந்தேன். உங்க வண்டிதான் வேற ஆளா வந்திருக்கு."

சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் மாற்றிவிட்டார்களாம். கதவைத் திறந்து உள்ளே ஸ்கிரீனைக் காட்டினார். "இதுதான் சென்சிட்டிவிட்டி. அஞ்சு கோடு இருக்கு பாருங்க. மேல தள்ளுனா லேசா இருட்டுனாலே லைட் போட்டுக்கும். கீழ தள்ளுனா நல்லா இருட்டுற வரைக்கும் பேசாம இருக்கும்."

முன் கண்ணாடியின் உச்சியில், நடுவில், நகத்தளவு ஒரு கறுப்புப் பொட்டு. வண்டியின் கண் அதுதானாம். உள்ளங்கையால் மூடிப் பார்க்கலாமா என்று கேட்டேன், வண்டியை மேலே தெரு வெளிச்சத்துக்கு எடுத்தார். மூடினேன், எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது. எடுத்தேன், கொஞ்சம் பொறுத்து அணைந்தது. மறுபடி மூடினேன். ஐந்தாம் தடவை கையைக் கொண்டுபோனபோது, "போதும் தாத்தா, பேட்டரி எனக்கு நாளைக்கும் வேணும்" என்றார்.

சுறுசுறுப்பு, தூங்குமூஞ்சி என்று நான் வண்டிக்கு வண்டி பெயர் வைத்திருந்தேன். பிறவிக் குணம் என்று நினைத்தேன். எல்லாம் ஐந்து கோடு!

மார்ச் 7, வெள்ளி

வீட்டுக்காரியிடம் நான்காவது தடவையாகச் சொன்னேன். "உங்களுக்கும் அப்படி ஒரு கோடு இருந்தா கீழ தள்ளி வச்சிருப்பேன்" என்கிறாள்.

மார்ச் 10, திங்கள்



நான்காவது தூணுக்குப் பக்கத்தில் குப்பை அறையின் கதவு. துப்புரவு வேலை பார்க்கும் தங்கச்சி அங்கிருந்துதான் சக்கரத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஏறுவாள். காலை பதினொரு மணி. கண்ணாடியில் அவளும் தெரிகிறாள், மேலே ஒரு கறுப்புக் கட்டியும் தெரிகிறது. விளக்கு இல்லை. இரண்டாவது தூண், இல்லை. மூன்றாவது, இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, இது குடியிருப்போர் சங்க செக்ரட்டரி வண்டி, ஆறாவது தூண். கத்தினேன். என் சத்தம் கேட்டதோ, தானாகவே திரும்பினாளோ, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வண்டி தொட்டியை இடித்து நின்றது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். இன்னும் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தால் - வேண்டாம், அதை எழுதாதே.

செக்ரட்டரி இறங்கியதும் அவளைத்தான் கேட்டார். "பாத்து வரமாட்டியாம்மா? தொட்டிய இப்படியா குறுக்க விடுவ?"

"பாத்துட்டுத்தான் சார் வந்தேன். உங்க வண்டி இருட்டோட இருட்டா வந்துச்சு."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "சார், உங்க வண்டி ஆறாவது தூண்லதான் லைட் போடும். அதுக்குள்ள இந்தக் கதவத் தாண்டிடுது. ரெண்டரை வருஷமா பாக்குறேன்."

அவர் ஓய்வு பெற்ற எஞ்சினியர். வாதாடவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி இறக்கினார். மூன்று தடவை. மூன்றும் ஆறாவது தூண். மற்ற வண்டிகள் எப்படி என்று கேட்டார். முதல் மாடியில் ஆரம்பித்து முப்பத்தெட்டையும் ஒப்பித்தேன். பிறகு அந்தத் தங்கச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை எல்லா வண்டியையும் சரி பண்ணிடலாம் பெரியவரே. நீங்க இப்ப சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துதான் முத்து மாதிரி இருக்குமே."

மார்ச் 11, செவ்வாய்

முத்துக் கையெழுத்துக்காரி எழுதிவிட்டாள். முதல் தூண் நாலு. இரண்டு, எட்டு. மூன்று, ஒன்பது. நான்கு, ஏழு. ஐந்து, நாலு. ஆறு, இரண்டு. தானாக எரியாத பழைய வண்டி நாலு. என் மண்டைக்குள் மட்டும் கிடந்தது ஒரே தாளில் வந்துவிட்டது. அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். "மை காயல, கலைச்சிடாதீங்க" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

சாப்பிடும்போது கேட்டாள்: "எல்லா வண்டியும் முதல் தூண்லயே லைட் போட்டா, திங்கக்கிழமை நீங்க எதப் பாத்துக் கட்டையத் தூக்குவீங்க?"



நாலு நாளாகக் குதித்துக்கொண்டிருக்கிறேன். இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

மார்ச் 15, சனி

கூண்டில் உட்கார்ந்து யோசித்தேன். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? பத்து வண்டியை மூன்றிலும் நான்கிலும் விட்டால் எனக்குக் கொஞ்சமாவது பிடி இருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது? எந்தத் தூண் என்று சொல்லப்போவதே நான்தானே.

அப்போது தங்கச்சி தொட்டியோடு வந்தாள். கதவுக்குள்ளேயே நின்று எட்டிப் பார்த்து, பின்வாங்கி, மறுபடி எட்டிப் பார்த்து வெளியே வந்தாள். முன்பெல்லாம் இரண்டே எட்டில் சரிவில் ஏறிவிடுவாள்.

"என்னம்மா, பயமா?"

"பயம் இல்லண்ணா. கால்தான் கேக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை நெசமாவே சரி பண்ணிடுவாங்களா?"

"பண்ணிடுவோம்" என்றேன். பிறகு என்ன யோசனை.

மார்ச் 16, ஞாயிறு

இப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. சைக்கிள் ஸ்டாண்டில்கூட.

பத்து மணிக்கு மேலே தெருவில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முதல் தூணில் நான், கையில் சுண்ணக்கட்டி. செக்ரட்டரி கையில் என் தாள். டாக்டரம்மா ஒவ்வொரு வண்டியாக ஏறி ஸ்கிரீனைத் தட்டினார். வண்டி இறங்கும், விளக்கு எரியும் இடத்தில் தரையில் கோடு போடுவேன். "இன்னும் ஒண்ணு மேல!" என்று கத்துவேன். மறுபடி ஏறி இறங்கும். என் வயசை மறந்து ஓடினேன். ஒவ்வொரு வண்டியும் தாளில் சொன்ன தூணிலேயே எரிய, மேலே நின்ற கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது.

மூன்றாம் மாடிக்காரர் வண்டி பட்டப்பகலில் தெருவிலேயே விளக்கைப் போட்டுக்கொள்ளும். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்திருந்தேன். பார்த்தால் அந்தக் கறுப்புப் பொட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர். அவருடைய குழந்தை ஒட்டிய பூனைப் படம். பாவம் வண்டி, கண்ணை மூடிவிட்டு இருட்டு இருட்டு என்றால் அது என்ன செய்யும். ஒரு வண்டிக்கு ஸ்கிரீனே இல்லை, திருகும் குமிழ் மட்டும். தானாக எரியாத நாலு பேருக்கும் கையால் போடச் சொல்லி வாசலில் பலகை.

கடைசியாக செக்ரட்டரி வண்டி. இரண்டு கோடு ஏற்றினோம். நாலாவது தூண். முழுக்க ஏற்றினோம். முதல் தூண். அந்தத் தங்கச்சி குப்பை அறை வாசலில் நின்று கை தட்டினாள்.

நானும் தட்டினேன். நாளை எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் தட்டினேன்.

மார்ச் 17, திங்கள்

குட்டு வெளிப்பட்டது.

கண்ணாடியில் முதல் தூணில் விளக்கு. அடுத்தது, முதல் தூணில் விளக்கு. அதற்கடுத்தது, அதே. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கச் சொல்லி முகத்தைப் பார்த்துத் தூக்கினேன். பின்னால் சரிவு முழுக்க வண்டி. ஹாரன் காதைக் கிழித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே தங்கச்சி மட்டும் தொட்டியைத் தள்ளிக்கொண்டு, வெளிச்சத்தில், நிதானமாக ஏறிப் போனாள்.

செக்ரட்டரி நடந்தே இறங்கி வந்தார்.

"என்ன பெரியவரே, நம்பரப் பாத்துத் தூக்க வேண்டியதுதானே?"

"படிக்கத் தெரியாது சார்."

"கண்ணு தெரியலையா?"

"கண்ணு நல்லாத் தெரியும் சார். எழுத்துதான் தெரியாது."

"அப்ப ரிஜிஸ்டர்?"

"சாயங்காலம் வீட்டுக்குப் போயி நான் சொல்லுவேன். வீட்டுல எழுதுவாங்க."

"நாள் முழுக்க வந்த வண்டி எல்லாம்? நேரத்தோட?"

"ஆமா சார்."

மேஜையில் இருந்த பதிவேட்டைப் புரட்டினார். "போன மாசம் பத்தாம் தேதி. என் வண்டி."

"காலைல எட்டு அம்பதுக்கு வெளிய. ஒண்ணே காலுக்கு உள்ள. நாலு மணிக்கு உங்க வீட்டம்மா எடுத்துட்டுப் போனாங்க, ஆறு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது வந்தாங்க. அவங்க மெதுவா ஓட்டுவாங்க, அதனால அஞ்சாவது தூண்லயே எரிஞ்சிடுச்சு."

விரலை வைத்துப் பார்த்தார். மூடினார். "மீட்டிங்ல நாலு தடவ உங்க கையெழுத்தப் புகழ்ந்து பேசியிருக்கேன்" என்றார். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. ஒரு வாரம் பார்க்கலாம், அதற்குள் சரிவில் இப்படி வண்டி நிற்பது தீர வேண்டும், தீராவிட்டால் வேறு ஆள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். நாளைக்கு நானும் வர்றேன் என்கிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

வந்தாள். கட்டைக்கு அருகில் நின்றுகொண்டே நம்பர் படித்தாள், கூண்டில் ஒட்டியிருந்த நம்பர் தாளில் தேடினாள், தலையாட்டினாள், தூக்கினேன். நேற்றைக்குப் பரவாயில்லை. ஆனாலும் எல்லோரும் பிரேக் போட்டார்கள்.

மார்ச் 20, வியாழன்

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது.

இதுவரை விளக்கு எங்கே எரிகிறது என்றுதான் பார்த்தேன், விளக்கைப் பார்க்கவே இல்லை. முன்பு பாதிச் சரிவு வரைக்கும் கறுப்புக் கட்டி. இப்போது முதல் தூணிலிருந்தே இரண்டு விளக்கும் என்னைப் பார்த்துக்கொண்டு வருகின்றன. ஐந்து தூண் தூரம்! ஒரு முகத்தை அடையாளம் வைக்க அது போதாதா? டாக்டரம்மாவுடையது நீலம் கலந்த வெள்ளை, சரிவு வாயில் இருக்கும் வேகத்தடையில் இரண்டு தடவை குதிக்கும். ஆறாம் மாடிக்காரருக்கு இடது விளக்கு மட்டும் மஞ்சள், பல்பு மாற்றியவன் வேறு போட்டிருக்கிறான். செக்ரட்டரியுடையது வலது பக்கம் தரையைப் பார்க்கும். பூனைக்காரர் வண்டிக்குப் புருவம் மாதிரி மேலே ஒரு கோடு.

இன்று அவள் நம்பரைப் படிப்பதற்குள் நான் சொன்னது பதினெட்டு. தப்பு இரண்டு.

மார்ச் 21, வெள்ளி

முப்பத்தொன்று. தப்பு ஒன்று. தப்பு மூன்று என்று எழுதப் பார்த்தாள், பிடித்துவிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது, அவள் முகத்தைப் படிப்பேன்.

மார்ச் 24, திங்கள்

இதை எழுதுவது வீட்டில் இல்லை, கூண்டில். மணி பத்தரை.

காலையில் தங்கச்சி மீட்டிங் அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி வந்தாள். குப்பை அறைக் கதவைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செக்ரட்டரி சார் குடுக்கச் சொன்னாரு. ரிஜிஸ்டர் எழுதுறவங்க எத்தன நாளைக்கு நின்னுக்கிட்டே எழுதுவாங்கன்னு கேட்டாரு" என்றாள்.

கூண்டில் இரண்டு நாற்காலிக்கு இடம் இல்லை. என்னுடையதைக் கொஞ்சம் வெளியே தள்ளிப் போட்டோம். கண்ணாடி இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

இந்த வரி எழுதும்போது மேலே இரண்டு விளக்கு வந்தது. முதல் தூண். இரண்டு தடவை குதித்தது. அவள் பேனாவை நிறுத்திவிட்டு நம்பருக்காகக் கழுத்தை நீட்டினாள். நான் கட்டையைத் தூக்கிவிட்டேன். டாக்டரம்மா பிரேக் போடாமல் உள்ளே போனார்.