ஒருமனதாக

மார்ச் 3, திங்கள்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஒருவழியாக மூடி வந்துவிட்டது. போன வருடம் பேச ஆரம்பித்த விஷயம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எதையும் ஓட்டுக்கு விடும் வழக்கம் இல்லை. ஓட்டுப் போட்டால் மனஸ்தாபம் வரும், எல்லாம் ஒருமனதாக நடக்க வேண்டும் என்பது தலைவரின் கொள்கை. ஒருவர் முகம் சுளித்தாலும் விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். மூடி பச்சையா நீலமா என்று ஒருமனம் உண்டாவதற்குள் தொட்டியில் ஒரு காக்கை விழுந்து செத்தது. அந்தத் தண்ணீரில்தான் எல்லோரும் ஒருமனதாகக் குளித்தோம்.

நான் இந்தச் சங்கத்தின் செயலாளர். யாருக்கும் வேண்டாத பதவி என்பதால் எந்தச் சிக்கலும் இல்லாமல் எனக்குக் கிடைத்தது.

அடுத்த விவகாரம் ரெடி. கீழ்த்தளத்தில் தையல் கடை காலி செய்த இடத்தை ஒரு டாக்டரம்மா வாடகைக்குக் கேட்கிறார். பெண்களுக்கான கிளினிக். கர்ப்பிணிகளைப் பார்ப்பாராம், பிள்ளை இல்லாதவர்களைப் பார்ப்பாராம், கருக்கலைப்பும் செய்வாராம். முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிட்டார். "சொல்லாமலே இருந்திருக்கலாம், பாவம்" என்று தலைவர் வருத்தப்பட்டார்.

இன்னொரு விஷயம். எனக்குத் தள்ளிப்போயிருக்கிறது. இந்த வயதில் அது வேறு காரணமாகத்தான் இருக்கும்.

மார்ச் 5, புதன்

வேறு காரணம் இல்லை.

மார்ச் 6, வியாழன்

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "உன் இஷ்டம்" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. "எனக்கு வேண்டாங்க" என்றேன்.

"அவசரப்படாத. நாலு பேரைக் கலந்துக்கிட்டு முடிவு பண்ணலாம்."

இவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஃபிரிட்ஜ் வாங்கியபோது அலுவலகம், பக்கத்து வீடு, பஸ்ஸில் கூட வரும் ஆள் என்று எல்லோரையும் கலந்துகொண்டார். கடைசியில் அவர்கள் எல்லோருக்கும் பிடித்த, எங்கள் சமையலறைக் கதவுக்குள் நுழையாத ஃபிரிட்ஜ் வந்தது. இன்றும் ஹாலில்தான் நிற்கிறது.

ஏன் வேண்டாம்? மகள் பெரியவளாகிவிட்டாள், அடுத்த வருடம் கல்லூரி. அவளைப் பெற்றபோதே ரத்த அழுத்தம் ஏறி உயிர் போய் வந்தது. நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடை வேலையில் நின்று இடுப்பு விட்டுப்போகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் இவை எல்லாம் இல்லாவிட்டாலும் எனக்கு வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. இதை எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். அழுகை வருகிறது. வேண்டாம் என்பது தெளிவாக இருந்தால் அழுகை வராது என்று யார் சொன்னது?

மார்ச் 9, ஞாயிறு

கிளினிக்குக்காகச் சங்கக் கூட்டம். எல்லா நாற்காலியும் நிறைந்தது. காக்கை செத்தபோதுகூட இவ்வளவு பேர் வரவில்லை.

முதலில் இரண்டாம் மாடிப் பேராசிரியர். பெண்ணின் உடல் பெண்ணுக்கே சொந்தம் என்று ஆரம்பித்து நிறுத்தாமல் பேசினார். நடுவில் அவர் மனைவி ஏதோ சொல்ல எழுந்தார். "நீ உக்காரும்மா, நான் உங்க உரிமையைப் பத்தித்தானே பேசிட்டிருக்கேன்" என்று உட்கார வைத்துவிட்டார்.

முதல் மாடிக் கட்சிக்காரர், "இதுல மேலிடம் இன்னும் நிலைப்பாடு எடுக்கல. எடுத்ததும் எனக்கு ரொம்ப உறுதியான கருத்து இருக்கும்" என்றார்.

தலைவர், "பாவ புண்ணியமெல்லாம் அப்புறம் பேசலாம். வர்றவங்க வண்டியை எங்க நிறுத்துவாங்க?" என்றார். கூட்டம் முழுக்க அதற்குத்தான் தலையாட்டியது. உயிர் எப்போது தொடங்குகிறது என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம். வாசலில் வண்டி நிறுத்தக்கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்.

மூன்றாம் மாடி அக்கா கடைசியாக எழுந்தார். தனியாக இருப்பவர், காலையும் மாலையும் பிரார்த்தனை செய்பவர். "அது உயிர். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கிளினிக் வேண்டாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

இவரையும் கேட்டார்கள். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றார்.

முடிவு: அடுத்த கூட்டம்.

மார்ச் 11, செவ்வாய்

கடையில் இன்று கண் பரிசோதனைக்கு ஒரு பெரியவர். பலகையில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை கடகடவென்று சொன்னார். பலகையை மாற்றினேன். பழைய பலகையையே திரும்ப ஒப்பித்தார். வரிசையில் காத்திருக்கும்போது காதில் விழுந்ததை மனப்பாடம் செய்துவிட்டாராம். எங்கள் சங்கக் கூட்டம் ஞாபகம் வந்தது.

வீடு திரும்பும்போது லிஃப்டில் கட்சிக்காரர் வழிவிட்டு ஒதுங்கி நின்று, என் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டார். பதினான்கு வருடத்தில் செய்யாத காரியம். பேராசிரியர் மாடிப்படியில் நிறுத்தி, "முடிவு முழுக்க உங்களோடது. ஆனா சரியான முடிவா எடுக்கணும்" என்றார்.

என்ன முடிவு சார் என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தார்.

மார்ச் 11, அதே நாள்

ஐயோ. ஐயோ.

ஊரெல்லாம் கேட்டிருக்கார் இந்த மனுஷன்! "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட சம்சாரம்"னு ஆரம்பிச்சு வீடு வீடா ஏறி இறங்கியிருக்கார். நாப்பத்திரண்டு வயசு, ஒரே பொண்ணு, இடுப்பு வலி — எல்லாத்தையும் சொல்லியிருக்கார்! கண்ணாடிக் கடையையும் சொன்னீங்களான்னு கேட்டேன்.

"கடைன்னு சொல்லல. கண் சம்பந்தப்பட்ட வேலைன்னுதான் சொன்னேன்."

எதுக்கு? எதுக்குங்க இது?

"எல்லாரும் ஒத்துக்கிட்டா உனக்கே தைரியமா இருக்குமேன்னு பார்த்தேன்."

கெட்ட எண்ணமில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் நிம்மதியாகச் சண்டை போடலாம். என் வயிற்றைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் வைத்துவிட்டு, நல்லது செய்த முகத்தோடு நிற்கிறார்.

மார்ச் 12, புதன்

மகளுக்கும் தெரிந்துவிட்டது. "அம்மா, இதைப் போய் லிஃப்ட்லயா நான் தெரிஞ்சுக்கணும்?" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டாள். "உனக்கு வேண்டாம்னா வேண்டாம்மா. எனக்காக வேண்டாம்னு மட்டும் சொல்லிடாத. அப்புறம் நான் பாஸ் பண்ணியே ஆகணும்."

சிரித்துவிட்டேன். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

மார்ச் 14, வெள்ளி

மூன்றாம் மாடி அக்கா வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நானே கதவருகில் விறைத்துக்கொண்டு நின்றேன். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"உன் வீட்டுக்காரர் என்கிட்டயும் வந்தாரு. அந்த சம்சாரத்தைக் கேட்டீங்களான்னு கேட்டேன். அவருக்குப் பதில் தெரியல. அதான் நானே வந்தேன்."

நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"நான் சுத்தி வளைக்க மாட்டேன். பெத்துக்கோன்னுதான் சொல்வேன். சும்மா வாயால சொல்லல. நீ வேலைக்குப் போற நேரமெல்லாம் குழந்தை என்கிட்ட இருக்கட்டும். பள்ளிக்கூடம் போற வரைக்கும் நான் பாத்துக்கறேன். எனக்கும் உடம்புல தெம்பு இருக்கு."

பேச்சுக்குச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேராசிரியர் என் உரிமைக்காகத் தொண்டை வறளப் பேசினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தருவதாகக்கூடச் சொன்னதில்லை. என் முடிவை ஒத்துக்கொள்ளாத இந்த மனுஷி தன் மீதி வயதில் பாதியைத் தூக்கித் தருகிறேன் என்கிறார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அழுதுகொண்டேதான் சொன்னேன். "எனக்கு வேண்டாம்க்கா."

அக்கா என் தலையில் கைவைத்தார். ஆசீர்வாதமா, வருத்தமா, தெரியவில்லை. எழுந்து போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாவது கூட்டம். எல்லோரும் கிளினிக்கைப் பற்றிப் பேசினார்கள், எல்லோரும் என்னைப் பார்த்துப் பேசினார்கள். நடுவில் தலைவர், "செயலாளர் மேடம் நாற்காலிக்கு ஒரு குஷன் போடுங்கப்பா" என்றார். எந்தக் கட்சியிலும் சேராமல் செய்யக்கூடிய ஒரே காரியம் அதுதான் போலிருக்கிறது.

முடிவு இல்லை. வீட்டுக்கு வந்ததும் இவர் நல்ல செய்தி கொண்டுவந்தவர் போல, "அனேகமா எல்லாரும் உன் பக்கம்தான். அக்கா மட்டும்தான் ஒத்துக்கல. அடுத்த ஞாயிறுக்குள்ள பேசிப் பாக்கறேன்" என்றார்.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் இது காத்துட்டிருக்குமா? இதென்ன தொட்டி மூடியாங்க?"

பதிலுக்கு நிற்காமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

போய்விட்டு வந்தேன்.

மார்ச் 19, புதன்

கடைக்கு லீவு. படுத்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை செருப்பு மாட்டிக்கொண்டே இவரிடம், "ஆஸ்பத்திரிக்குப் போறேன். வர்றீங்களா?" என்றேன். "ஆபீஸ்ல கேட்டுட்டு..." என்று இழுத்தார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அங்கே பார்த்தால், எங்கள் கட்டடத்தில் இடம் கேட்ட அதே டாக்டரம்மா. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "இது உங்க முடிவுதானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருந்தார். இந்த இரண்டு வாரத்தில் கேட்டுவிட்டுக் காத்திருந்த முதல் ஆள். என் முடிவுதான் என்றேன்.

வெளியே வந்தபோது இவர் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் யாரையும் கேட்காமல் வந்திருக்கிறார், லீவுகூடச் சொல்லவில்லையாம். "கோபமா இருக்கியா?" என்றார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார்.

நேற்றுச் சாயங்காலம் அக்கா வந்தார். கையில் வெந்நீர்ப் பை. துணி சுற்றி, சூடு பார்த்து, அடிவயிற்றில் வைத்தார்.

"நான் ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுக்காத. எனக்கு மனசு ஆறல. ஆனா வயிறு வலிக்குமே."

பக்கத்து அறையில் உட்கார்ந்து பிரார்த்தனை பண்ணட்டுமா என்று கேட்டார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பண்ணுங்கள் என்றேன். அவர் முணுமுணுப்பு கேட்டபடியே தூங்கிப்போனேன். வருத்தமாக இருந்தது. பாரம் இறங்கியும் இருந்தது. இரண்டும் ஒரே உடம்பில்தான்.

மார்ச் 23, ஞாயிறு

மூன்றாவது கூட்டம். அதிசயம், ஒருமனம் உண்டாகிவிட்டது!

கிளினிக் வரலாம். ஆனால் என்ன வைத்தியம் என்று பலகையில் போடக்கூடாது. வருகிற பெண்கள் முன்வாசலில் நுழையக்கூடாது, குப்பை வண்டி வரும் பின்சந்து வழியாக வந்து போக வேண்டும். பேராசிரியருக்கு உரிமை காப்பாற்றப்பட்டது. தலைவருக்கு வாசல் காப்பாற்றப்பட்டது. கட்சி மேலிடமும் "அனைவர் உணர்வையும் மதிக்கும் சமநிலை" என்று அறிக்கை விட்டுவிட்டதால் கட்சிக்காரர் உறுதியாக இருந்தார். ஆளுக்கொரு கொள்கை வைத்திருந்த அத்தனை பேருக்கும் உள்ளுக்குள் வேண்டியிருந்தது ஒன்றுதான்: கண்ணில் படக்கூடாது.

"அப்ப ஒருமனதா..." என்று தலைவர் முடிக்கப்போனார். அக்கா எழுந்துவிட்டார்.

"நான் ஒத்துக்கல. கிளினிக்கே வேண்டாம்னு இப்பவும் சொல்றேன். ஆனா வந்தா முன்வாசல்லதான் வரணும். எனக்குப் பாக்கக் கஷ்டமா இருக்கும், பாத்துக்கறேன். குப்பை போற வழியில ஒரு பொண்ணை நடக்க வைக்கச் சொல்லி எந்தக் கடவுளும் சொல்லல."

தலைவருக்கு வியர்த்துவிட்டது. சங்கம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக ஓட்டு. முன்வாசலா, பின்சந்தா? நான் முன்வாசலுக்குக் கை தூக்கினேன்.

"மேடம், வீடு சார் பேர்ல இருக்கு. உங்க வீட்டு ஓட்டு சாரோடது."

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் வழக்கம்போல் எல்லோரையும் பார்த்தார். ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே தரையைப் பார்த்தேன்.

"முன்வாசல்" என்றார்.

கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் தலைவர். சத்தமாகச் சொன்னார். பேராசிரியர் பின்சந்துக்குக் கை தூக்கியிருந்தார். அவர் மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். முன்வாசல் ஜெயித்தது. தீர்மானத்தை எழுதும்போது பழக்கதோஷத்தில் "ஒருமனதாக" என்று எழுதிவிட்டு அடித்தேன். அடிக்கும்போது சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆள் வைத்து ஃபிரிட்ஜை விற்றுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. இவர் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்து, "இவ்ளோ இடம் இருந்துச்சா?" என்கிறார்.

ஏப்ரல் 24, வியாழன்

கிளினிக் திறந்து நான்கு நாள். அக்கா தினமும் காலையில் டாக்டரம்மாவிடம் போய், நீங்கள் செய்வது பாவம் என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு வருகிறார். டாக்டரம்மா எழுந்து நின்று கேட்டுக்கொண்டு, அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்து அனுப்புகிறாராம்.

இன்று கடைக்குக் கிளம்பும் நேரத்தில் அக்கா கதவைத் தட்டினார். மூச்சு வாங்கியது.

"என் வெந்நீர்ப் பை உன்கிட்டதானே இருக்கு? கீழ பெஞ்சுல ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. உன் பொண்ணைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும். கூட யாருமில்ல. வயித்தைப் பிடிச்சுட்டு அழறா."

"உள்ளே வாங்க அக்கா, தண்ணி வைக்கறேன்."

"நான் அந்தப் பொண்ணுகிட்டப் போக மாட்டேன். நீயே கொண்டுபோய்க் குடு."

சரி என்று அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதித்து, பையில் ஊற்றி, துணி சுற்றி எடுத்துக்கொண்டு வந்தால், வாசலில் அக்காவைக் காணோம். அவர் வீட்டில் பார்த்தேன், அங்கேயும் இல்லை. கீழே இறங்கினேன்.

பெஞ்சில் அந்தப் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"இவ்வளவு நேரமா?" என்றார்.