பால்வளத்துறை அக்காவுக்கு, கழிவுநீர்த்துறை எனக்கு

ஏப்ரல் 9, புதன்

இதனால் எனக்கு நானே அறிவித்துக்கொள்வது யாதெனில்: பேகம்பூர் பிரியாணிக்கடை கிதர் முகம்மது அவர்களின் ஒரே ஆண்வாரிசும், ப்ளஸ் ஒன் பரீட்சையை நெஞ்சு நிமிர்த்தி எதிர்கொண்டவனுமாகிய (முடிவு வரட்டும், அப்போது குனிந்துகொள்ளலாம்) நிஹால் என்கிற எனக்கு, வருகிற மே மாதம் முதல் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள கட்டில் ஒதுக்கப்படுகிறது. தற்போது அதை ஆக்கிரமித்திருக்கும் என் அக்கா தஹ்சீனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருப்பதால் இந்த ஏற்பாடு. மாலை, சால்வை ஏற்கப்படும். கண்ணீர் ஏற்கப்படாது.

அக்காவிடமே சொல்லிவிட்டேன். "நீ பஸ் ஏறுற அன்னைக்கு ரெண்டு பிளேட் பிரியாணி சாப்பிடுவேன். பந்தயம்."

"நீ என்னைக்குடா ஒரு பிளேட்டோட எந்திரிச்ச?" என்றாள்.

ஏப்ரல் 12, சனி

கடை வாசலில் திரிந்த சாம்பல் பூனை முந்தாநாள் லாரியில் அடிபட்டுவிட்டது. இன்றைக்குத்தான் தெரிந்தது, அது அரிசி மூட்டைக்குப் பின்னால் குட்டி போட்டிருந்தது என்று. மூன்று. இரண்டு விறைத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் சுண்டெலி மாதிரி கீச்சென்றது. கண் திறக்கவில்லை. தொப்புளில் காய்ந்த கொடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தாவுக்கு வியர்த்துவிட்டது. "பிரியாணிக்கடைக்குள்ள பூனைன்னா ஊரு வாயி சும்மா இருக்குமா? தூக்கிட்டுப் போடா. யார் கண்ணுலயும் பட்றாம."

யார் கண்ணிலும் படாமல் இருக்க நான் எடுத்தது எங்கள் கடையின் பேர் போட்ட பார்சல் கவர். பாதித் தெரு போன பிறகு அத்தா பார்த்துவிட்டார். கடை வாசலில் இருந்து அவர் போட்ட சத்தத்தில் கவருக்குள் குட்டியும் பயந்து கத்தியது. எதிரே வந்த ஒருவர் கவரைப் பார்த்தார், பேரைப் படித்தார், என்னைப் பார்த்தார். "சூடா இருக்குங்க" என்று சொல்லி ஓடி வந்துவிட்டேன்.

இனிமேல்தான் முக்கிய நிகழ்ச்சி. அக்கா கட்டிலில் அவளுடைய பச்சைத் துப்பட்டா மடித்துக் கிடந்தது. மடிப்புக்குள் குட்டியை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். போன தடவை பல்லி வைத்தபோது தெருமுக்கு வரைக்கும் விரட்டி வந்து அடித்தாள். இந்தத் தடவை அலறல் பள்ளிவாசல் வரைக்கும் கேட்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

துப்பட்டாவை எடுத்தாள். அலறவில்லை.

"யா அல்லா... இது மூச்சு விடுதுடா."

அவ்வளவுதான். துப்பட்டாவோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னை அடிக்கக்கூட இல்லை. நான் ரொம்ப நேரம் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

ஏப்ரல் 13

எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பூனை வளர்த்ததில்லை. அதனால் எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது.

பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போகுமாம். பூனைக்கென்றே பால் பவுடர் இருக்கிறதாம், அக்கா போனில் பார்த்து, நாய் பூனை சாமான் விற்கிற கடையில் வாங்கி வந்தாள். மெடிக்கலில் ஊசி இல்லாத சிரிஞ்சு. குட்டிக்குச் சூடு வேண்டும் என்றதும் அம்மா அத்தாவின் பழைய சாக்ஸில் வறுத்த சீரகச் சம்பா அரிசியைப் போட்டுக் கட்டி, பக்கத்தில் வைத்தாள். குட்டி அதைத் தாய் என்று நினைத்து ஒட்டிக்கொண்டது. அதனால் அக்கா அதற்குச் சீரகம் என்று பேர் வைத்தாள்.

நான் 'பூட்டு' என்று வைக்கச் சொன்னேன். திண்டுக்கல் பூனைக்குப் பூட்டைவிடப் பொருத்தமான பேர் உண்டா? "உன் வாய்க்குப் போடு" என்றுவிட்டாள்.

தாய்ப்பூனை நக்கிவிட்டால்தான் குட்டி ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போகுமாம். தாய் இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும். ஆகவே இலாகாக்கள் பிரிக்கப்பட்டன. பால்வளத்துறை அக்காவுக்கு. கழிவுநீர்த்துறை எனக்கு. அவள் கையில் வாங்கிக் குடித்துவிட்டு என் கையில் வந்து போகிறது. கண்டுபிடித்தவன் நான், சுமந்து வந்தவன் நான். எனக்குக் கிடைத்தது இது.

ஏப்ரல் 16

இன்று முழுக்க அக்கா என்னிடம் பேசியது: "பஞ்சு எடு."

ஏப்ரல் 19

அகரத்திலிருந்து கண்ணன் வந்தான். என் கிளாஸ். அவன் வீட்டில் ஆடு, மாடு, கோழி எல்லாம் உண்டு. வந்தவன் நேராகக் குட்டியைத் தூக்கினான், அதுவும் அவன் உள்ளங்கையில் சொகுசாகப் படுத்துக்கொண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவின் டீ கப்பில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டிருந்தேன், பழைய வித்தைதான். ஒரு வாய் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள், கப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரிஞ்சைக் கழுவப் போய்விட்டாள். கண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஒனக்கு எரியுறது அக்கா மேலயா, பூனை மேலயா?"

"வெயில் மேல" என்றேன்.

"அம்புட்டு வெயிலா?" என்று சிரித்தான். இவனை எல்லாம் வீட்டுக்குள் விட்டதே தப்பு.

ஏப்ரல் 22

சீரகம் ஒரு கண்ணைத் திறந்துவிட்டது. இந்த உலகத்தில் அது முதன்முதலில் பார்த்தது அக்காவின் மூஞ்சியை. பாவம்.

வீடே கூடி நின்றது. அத்தாகூடக் கடையை விட்டு வந்து எட்டிப் பார்த்தார். நான் அப்போது அழுக்குப் பஞ்சைப் போட வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து மறுபடியும் தூங்கிக்கொண்டிருந்தது.

நாளைக்கு அக்காவுக்குக் காலேஜில் கடைசிப் பரீட்சை. மதியம் வரைக்கும் வீட்டில் இருக்க மாட்டாள். நாளைக்கு என் ஆட்சி.

ஏப்ரல் 23

என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்.

அம்மாதான் கிளறிவிட்டது. "சிரிஞ்சுல என்னடா கொடுக்குறது, சின்னப் புள்ளையில நீ பால் குடிச்ச பாலாடை இருக்கு. மடியில மல்லாக்கப் போட்டு ஊத்துனா மடக்கு மடக்குன்னு குடிப்ப." அம்மா மேல தப்பு இல்ல. பாலாடைய எடுத்துக் கழுவினது நான். மல்லாக்கப் போட்டது நான். அக்கா சிரிஞ்சாலதான் குடுக்கணும்னு சொல்லிட்டுத்தான் போனா. இது எனக்குப் பால் ஊத்தின பாலாடை, அவளுக்கு இல்லாத ஒண்ணு எங்கிட்ட இருக்குன்னு ஒரு நெனப்பு.

குடிச்சுச்சு. நெசமாவே குடிச்சுச்சு. அக்காவுக்குக் காட்டணும்னு ஒரு கையில போனை வச்சு வீடியோ எடுத்தேன். அப்புறம் மூக்கு வழியா பால் வந்துச்சு. உள்ள கொளகொளன்னு ஒரு சத்தம். கால் ரெண்டும் தொங்கிருச்சு.

அக்கா வாசல்ல செருப்பைக் கழட்டிட்டிருந்தா. கழட்டினத மறுபடி மாட்டினா. ஆட்டோ புடிச்சு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மா தலைகீழாச் சாய்ச்சு என்னமோ பண்ணாங்க, ஊசி போட்டாங்க. "பூனைக்குட்டி தாய்கிட்ட கவுந்து படுத்துத்தான் குடிக்கும் தம்பி. மனுசப் புள்ள மாதிரி மல்லாத்துனா பால் நுரையீரலுக்குப் போயிரும். ரெண்டு நாள் தாண்டட்டும், பாப்போம்."

திரும்பி வரும்போது அக்கா என் போனை வாங்கினா. வீடியோவப் பாத்தா. கடைசியில என் குரல் இருக்கு— "பாரு, அக்கா வேணாமாம். நான் போதுமாம்."

போனைத் திருப்பிக் குடுத்துட்டா. அடிச்சிருக்கலாம்ல?

ஏப்ரல் 24

இருக்கு. மூச்சு கொறகொறங்குது. ஆனா இருக்கு.

ஏப்ரல் 25

அரிசியை வறுத்து வறுத்து சாக்ஸ் ஓட்டையாகிவிட்டது. என் புது சாக்ஸைக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 26

சிரிஞ்சை இழுத்துக் குடித்தது! கவுந்து படுத்து, முன்னங்கால் இரண்டாலும் அக்கா விரலைப் பிசைந்துகொண்டு.

குடித்து முடித்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "பஞ்சு எடு" என்றாள்.

ஓடினேன். போகிற வழியில் நாற்காலி இடித்துக் காலில் ரத்தம்.

மே 4

பால்வளத்துறை கைமாறுகிறது. "நான் போனப்புறம் யாருடா பாப்பா? ஒழுங்காக் கத்துக்க" என்று என் கையைப் பிடித்து, சிரிஞ்சை எப்படிச் சாய்க்க வேண்டும், எவ்வளவு மெதுவாக அழுத்த வேண்டும் என்று காட்டினாள்.

சீரகம் வாயைத் திறக்கவில்லை. என்னை மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. கழிவுநீர்த்துறையிடம் யார் பால் வாங்கிக் குடிப்பார்கள்? அக்கா தன் பச்சைத் துப்பட்டாவை என் தோளில் போட்டாள். உடனே குடிக்கிறது! ஆளைப் பார்க்கவில்லை, வாசனையைப் பார்க்கிறது. துப்பட்டா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை அக்கா போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். கண்ணன் உடனே போன் போட்டான். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எப்ப வாராங்க?"

அக்கா அந்தத் துப்பட்டாவை விட்டுவிட்டுப் போகிறாளாம். "துவைச்சிராத. என் வாசம் போயிட்டா அது தேடும்."

ஒரு பூனை தேடும் என்று இவ்வளவு அக்கறை.

மே 18, ஞாயிறு

அக்கா போய்விட்டாள். பஸ் ஜன்னல் வழியாக அவள் கடைசியாகச் சொன்னது: "சீரகத்துக்கு ராத்திரி ஜன்னலைச் சாத்து."

நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன். பந்தயம் ஜெயித்தது நான். கட்டிலும் என்னுடையது. ஃபேன் ஐந்தில் ஓடுகிறது. இது அல்லவா வாழ்க்கை!

மே 21

வீடியோ கால். நான் எடுத்தேன்.

"போனைக் கீழ எறக்குடா. உன் மூஞ்சியவா கேட்டேன்?"

இறக்கினேன். அக்கா குரலைக் கேட்டதும் சீரகம் போனுக்குப் பின்னால் போய்த் தேடுகிறது. அங்கே இல்லை என்றதும் என்னைப் பார்த்துக் கத்துகிறது, நான்தான் ஒளித்துவைத்த மாதிரி. கால் முழுக்க இரண்டு பேரும் மியாவ் மியாவ் என்று பேசிக்கொண்டார்கள். நான் ஸ்டாண்டு. பேசும் வாயை மூடிக்கொண்டு போனைப் பிடிக்கும் ஸ்டாண்டு.

அத்தா சட்டைப் பையில் பொட்டலம் கட்டி, மசாலா போடாமல் வேகவைத்த கோழித் துண்டு கொண்டுவருகிறார். பூனை கடைப்பக்கம் தலை காட்டக் கூடாது என்று சொன்னவர்.

மே 29

சீரகம் இப்போது என் பின்னாலேயே வருகிறது. பாத்ரூம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கத்துகிறது. என் கால் கட்டை விரலைக் கடித்து எழுப்புகிறது. அக்காவிடம் போனில் பெருமையடித்தேன். "இப்ப துப்பட்டாவே வேணாம். என்னைப் பாத்தாலே போதும். உன்னைய மறந்தே போச்சு."

"அப்படியா" என்றாள். "சரி, வைக்கிறேன், வேலை இருக்கு."

அவளுக்கு எரிகிறது. நான் எவ்வளவு நாளாக இதற்குக் காத்திருந்தேன்! ஏன் நல்லாவே இல்லை?

ஜூன் 8, ஞாயிறு

பக்ரீதுக்கு வந்து, ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்ட அக்கா இன்று மறுபடியும் கிளம்பினாள். பையில் துணி அடுக்கும்போது கேட்டாள்.

"அந்தப் பச்சைத் துப்பட்டாவக் குடு. அந்தச் சுடிதாரு துப்பட்டா இல்லாம சும்மா கெடக்கு."

"பூனைக்கு வேணும்."

"வேணாம்னு நீதான சொன்ன?"

"ராத்திரிக்கு வேணும். அது இல்லாட்டி தூங்காது."

என் தலையணைக்குக் கீழே இருந்து அவளே உருவினாள். அறையின் ஒரு மூலையில் விரித்தாள். எதிர் மூலையில் என்னை உட்காரச் சொன்னாள். நடுவில் சீரகத்தை விட்டாள். அது துப்பட்டாவை மோந்தது, ஒரு தும்மல் போட்டது, வாலைத் தூக்கிக்கொண்டு நேராக என் மடிக்கு வந்து ஏறி, ஒரு சுற்று சுற்றிப் படுத்துத் தூங்கியே விட்டது.

"துரோகி" என்றாள் அக்கா, பூனையைப் பார்த்து. அப்புறம் என்னைப் பார்த்தாள். "பூனைக்கு வேணும்னியே?"

நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். அவள் கட்டிலைப் பார்த்தாள். அவள் போன அன்றைக்கு விரித்துவிட்டுப் போன விரிப்பு, அப்படியே, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். பக்கத்தில் தரையில் என் பாய்.

"வெயிலுக்குத் தரைதான் சில்லுனு இருக்கு" என்றேன்.

"ம்" என்றாள். துப்பட்டாவை மடித்தாள். என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தாள். போகும்போது வாசலில் நின்று என் தலையில் நங்கென்று ஒரு கொட்டு. பல நாள் கழித்து. இன்னும் வலிக்கிறது, நன்றாக இருக்கிறது.

சரி. மே 18 அன்று எழுதியதை அடிக்கிறேன். இரண்டு பிளேட்டையும் தின்றது கண்ணன். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை, அவன் அதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அந்தக் கட்டிலில் நான் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

துப்பட்டாவும் பூனைக்கு இல்லை.