பச்சை நைலான் முடிச்சு

இன்று காலை குடோனில் ஒரு டிரம்மைத் திறந்தபோது உன் ஞாபகம் வந்தது. மூடியைத் தூக்கியதும் மூக்கில் ஏறும் அந்தக் காட்டமான நெடி. உள்ளே பாலிதீன் பை. அதன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிய பச்சை நைலான் கயிறு, ஒரு பக்கம் மட்டும் காது நீட்டிய முடிச்சு. நீ இருந்திருந்தால் மூடியைப் போட்டது போட்டபடி எம்.டி. அறைக்கு ஓடியிருப்பாய். நான் முதலில் சாம்பிள் எடுத்தேன், கையைக் கழுவிக்கொண்டேன், பிறகுதான் அவரிடம் போனேன். இப்போது லேபில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். ஊரெல்லாம் பன்றிக் காய்ச்சல் பேச்சு. ஃபேக்டரிக்கு வரும் ஜீடிமெட்லா பஸ்ஸில் பாதிப் பேர் கைக்குட்டையால் முகத்தைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். யாராவது தும்மினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது.

சார்ஸ் காய்ச்சல் வந்த வருஷம் நாம் இப்படிப் பயப்படவில்லை. அது டி.வி.யில் வரும் காய்ச்சல், சீனாக்காரன் காய்ச்சல். கேன்டீனில் இட்லியைப் பிட்டுக்கொண்டே பார்த்தோம். நீ பர்ச்சேஸ் ஆபீசர், நான் லேபில் கெமிஸ்ட். வலிப்பு மாத்திரைக்கான மருந்துப் பொடி செய்து, உள்ளூரிலும் வெளிநாட்டிலும் மாத்திரை போடுகிறவர்களுக்கு டிரம் டிரம்மாக அனுப்பிக்கொண்டிருந்தது நம் கம்பெனி. உன் மனைவி சுமதி சின்ன வயதிலிருந்தே அந்த மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தாள். "நம்ம ஃபேக்டரிதான்டா என் வீட்டு மருந்துக்கடை" என்பாய். அதில் உனக்கு ஒரு பெருமை.

இன்னொரு பெருமையும் இருந்தது. பொடிக்கான மூலப்பொருள் சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை ஒருவரிடமே வாங்காமல் பம்பாயில் ஒரு பார்ட்டி, மெட்ராஸில் ஒரு பார்ட்டி, இங்கே பேகம் பஜாரில் ஒரு சேட் என்று மூன்று பேரைப் பிடித்து வைத்திருந்தாய். நான் லேசாகக் கவலைப்பட்டதற்குச் சிரித்தாய். "கைக்குடா டென்ஷன்? முக்காலி போட்டு வச்சிருக்கேன். ஒரு பார்ட்டி கவுத்தாலும் இன்னும் ரெண்டு இருக்கு." ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நீ. உன் தமிழில் பாதி சார்மினார் உருது: 'எதுக்கு' என்பது 'கைக்கு', 'வேண்டாம்' என்பது 'நக்கோ'.

முதலில் பம்பாய்க்காரர் சரக்கு தாமதம் என்றார். மறு வாரம் மெட்ராஸிலிருந்தும் அதே பேச்சு. பிறகு சேட் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். அன்று மத்தியானம் நீயே குடோனுக்கு இறங்கி வந்தாய். பார்ட்டிக்கு ஒன்றாக மிச்சமிருந்த மூன்று டிரம்களையும் திறக்கச் சொன்னாய். திறந்தேன். நீ குனிந்து ஒவ்வொரு பையின் கழுத்தையும் தொட்டுப் பார்த்தாய்.

"டேய், இந்த முடிச்சைப் பாரு."

மூன்று லேபிள், மூன்று விலாசம். உள்ளே ஒரே பச்சைக் கயிறு, ஒரே காது. தினம் அவிழ்க்கிற என் கைக்கு அது உறைத்ததே இல்லை.

"மூணு பேரும் ஒரே இடத்துல வாங்கி, அவனவன் லேபிளை ஒட்டி வித்திருக்கான். சீனாவுல எங்கேயோ ஒரே ஒரு ஆளு உக்காந்து கட்டியிருக்கான்டா. அந்தக் காய்ச்சல்ல அவன் படுத்துட்டா நாம படுத்தோம்."

படுத்தோம். பாய்லர் நின்றது. அந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தவர்கள் நாம். அது நின்றதும் பக்கத்து மனுஷன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கான்ட்ராக்ட் ஆட்களை வரவேண்டாம் என்று கேட்டிலேயே திருப்பினார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து முதலில் கோபமாக ஃபேக்ஸ் வந்தது, பிறகு கெஞ்சி வந்தது. கெஞ்சல்தான் என்னைக் கலக்கியது. அவர்கள் ஊரிலும் யாரோ ஒரு சுமதி இருப்பாள் அல்லவா.

சில மாதங்களில் கடைகளில் மாத்திரை மறைந்தது. கோட்டி, சிகந்திராபாத், போவன்பள்ளி என்று ஸ்கூட்டரில் அலைந்தாய். சுமதி உனக்குத் தெரியாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு காலை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்க, சமையலறையில் விழுந்துவிட்டாள்.

அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நீ லேபுக்கு வந்தாய். உட்காரவில்லை. கன்ட்ரோல் சாம்பிள் பீரோவையே பார்த்தாய். நாம் செய்த ஒவ்வொரு பேட்சிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, சீல் வைத்துப் பூட்டி வைக்கும் பீரோ. உள்ளே சின்னச் சின்ன பாட்டில்களில் சுத்தமான பொடி. சாவி என் பாக்கெட்டில்.

"இந்த மருந்தைச் செய்யற எடத்துல நிக்கறேன். என் பொண்டாட்டிக்கு ஒரு மாத்திரை இல்ல. ஒரு சிட்டிகைதானேடா?"

"நக்கோடா" என்றேன். உன் வார்த்தையையே உனக்குச் சொன்னேன். "சிட்டிகைக்கு அளவு கிடையாது. கொஞ்சம் கூடினா மூச்சே நின்னுடும்."

நீ சண்டை போடவில்லை. பீரோக் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாய். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் வேறு மருந்து கொடுத்துத் தேற்றினார்கள். பிழைத்தாள்.

சீனாவிலிருந்து மறுபடி சரக்குக் கப்பல் வந்த அன்று ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தார்கள். நீ வாங்கவில்லை. "சரக்கு வந்துடுச்சில்ல, மறந்துடுவாங்க பாரு" என்றாய். இந்தத் தொழிற்பேட்டையிலேயே மூடிக்கிடந்த ஒரு யூனிட்டில் அந்த மூலப்பொருளைச் செய்யலாம் என்று எம்.டி.யிடம் மன்றாடினாய். விலை கட்டுப்படியாகாது என்றார். கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தாய். பிறகு ஒரு நாள் உன் நெஞ்சே நின்றுபோனது, அதற்கப்புறம் கேட்க ஆளில்லை.

இப்போது நமக்கு ஐந்து பார்ட்டிகள். உன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பெருமையாகச் சொல்கிறார். இன்று காலை அந்த ஒரு முடிச்சைப் பார்த்ததும் ஐந்து பேருடைய டிரம்மையும் வரிசையாகத் திறந்தேன். ஐந்திலும் பச்சைக் கயிறு, ஐந்திலும் ஒற்றைக் காது. எம்.டி.யிடம் போய்ச் சொன்னேன். சரக்குதான் வருகிறதே என்றார்.

சுமதிக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கிக் கொடுப்பது இப்போது நான்தான். போன வாரம் போயிருந்தேன். டி.வி.யில் ஏர்போர்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், முகமூடியும் வரிசையும். ஸ்ட்ரிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, மறுபடியும் மாத்திரை வராமப் போயிடுமா?"

அதெல்லாம் இல்லம்மா என்றேன். சொல்லும்போதே என் கை பாக்கெட்டுக்குள் போயிருந்தது. பீரோச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு உனக்கு மறுத்துவிட்டேன். நாளைக்கு அவளே வந்து அந்தப் பீரோ முன்னால் நின்றால் மறுப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.