கைப்பிடியில் கட்டிய நீலத்துணி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் உன் மனைவியும் நன்றாகத்தான் இருப்பீர்கள், உனக்கென்ன குறைச்சல். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, இடது கை. எப்போதும் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுவாள், இந்தக் கடிதம் மட்டும் அவளுக்குத் தெரியாது.

நம் சலவைக் கடையில் பட்டன் தைக்கிற பெரியவர் போன வாரம் வேலையை விட்டு நின்றுகொண்டார். போகிறபோது மனசு கேட்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டார். பிரஸ் மெஷினை அணைத்தவர்தான் அதன் கைப்பிடியில் நீலத்துணியைக் கட்டவேண்டும், துணி இருந்தால் சூடு இல்லை என்று அர்த்தம், நம் கடையில் இது தெரியாதவர் யார்? ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ விசா ஆபீசுக்கு ஓடுகிற அவசரத்தில் அணைக்காமலே துணியைக் கட்டிவிட்டுப் போனாயாம். அந்தத் துணியை நம்பித்தான் நான் தகட்டைத் துடைக்க உள்ளங்கையை வைத்தேன். அன்று சாயங்காலம் உன் தங்கை, நான்தான் கட்டினேன் என்றாள், திரும்பி வந்திருந்த நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். உன் வாயை யாராவது தைத்தா வைத்திருந்தார்கள்?

அன்றைக்கே அவளை மன்னித்துவிட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, ஒட்டிப்போன இந்த விரல்களைக் காட்டி, செய்தவள் இவள்தான், என்ன செய்ய, பெற்ற மனசு, மன்னித்துவிட்டேன் என்பேன். பெண் பார்க்க வந்தவர்களிடமும் காட்டினேன், இரண்டு வரன் அப்படியே எழுந்து போய்விட்டது. அதையெல்லாம் உனக்கு அவள் கையாலேயே எழுத வைத்தேன். நீயும் பதில் போடுவாய், பெரிய மனசு பண்ணி அவளை மன்னிச்சுடும்மா, மன்னிக்கிறதுதான் பெருந்தன்மை என்று. அதை அவளேதான் எனக்கு வாசித்துக் காட்டுவாள், குரல் ஓர் இடத்தில்கூடப் பிசகாது. எப்படியடா எழுதினாய் அதை?

நேற்று அவள் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். அவன் போகணும்னு ஆசைப்பட்டான், தெரிஞ்சா நீ விட்டிருக்க மாட்டே, அவ்வளவுதாம்மா, அவனை ஒண்ணும் கேட்டுடாதே என்றாள். என்னை மன்னிச்சுடுடி என்றேன். தலையை ஆட்டாதேம்மா, வகிடு கோணுது என்றாள். என்றைக்கோ மன்னித்துவிட்டாள், எனக்குச் சொல்லக்கூட இல்லை. மெஷின் சுட்டபோதுகூட எனக்கு இப்படி எரியவில்லை.

அவள் மாதிரி மன்னிக்க எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது ஒரே மன்னிப்புதான், ஏழு வருஷம் அதை அவள் வாங்கிக்கொண்டாள், இனி உன் முறை. உன் மாமனார் வீட்டுக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், உன்னை மன்னித்துவிட்டேன் என்று, எதற்காக என்பதையும் விவரமாகச் சொல்லி.

இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள், மனசாரத்தான் சொல்கிறேன். வெளியே கிளம்பும்போது சுவிட்சை அணைத்தாயா என்று ஒருமுறை திரும்பிப் பார்.

உன்னை மன்னித்துவிட்ட
அம்மா