கேணியில் விட்ட இரண்டு மீன்கள்

மட்டுவில்,
ஆவணி 3.

அன்பு மகள் பிரசாந்திக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடித் திரிகிறோம், நோர்வேயில் நீயும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது, முருங்கை இம்முறை அள்ளிக் காய்த்திருக்கிறது, நான் என் கண்ணாடியை இரண்டாம் முறையும் மிதித்து உடைத்துவிட்டேன். ஒரு விஷயம் போனில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

உன் ஆராய்ச்சிக்காகக் கோவில் கேணியில் மீன் பிடித்து, வால் நுனியில் துளி வெட்டி, ஸ்பிரிட் குப்பிகளில் போட்டு அனுப்பினேன் அல்லவா. முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளுக்கு இலக்கம் போட்ட கையால் நாற்பது குப்பிக்கும் பெயர் எழுதி ஒட்டினேன், மச்சம் மணக்கிறது என்று அம்மா மூன்று நாள் குசினிக்குள் விடவில்லை. அகப்பட்டவை எல்லாம் இனம் பிரிக்க முடியாத சின்னக் குஞ்சுகள். விரால், உழுவை என்று நான் எழுதியதெல்லாம் பிழை, மரபணுவைப் படித்துப் பார்த்ததில் முப்பத்தெட்டுக் குப்பியிலும் இருப்பது தாய்லாந்துப் பக்கத்துக் கத்தி மீன், மற்ற மீன்களைத் தின்று தீர்ப்பது என்று போன கிழமை சொன்னாய். பள்ளிக்கூடக் காலத்தில் நீ கொப்பியில் எழுதி வைத்த ஒன்பது கேணி மீன் இனத்தில் பனையேறி மீன் மட்டும்தான், அதுவும் இரண்டு குப்பியில்தான், மிச்சம் என்று அழுதாய். ஆரப்பா உந்தப் பாவத்தைச் செய்தது என்று கேட்டாய். தெரியாது மகள் என்று நான் சொன்னது பொய், செய்தது நான்தான்.

நீ நோர்வே போன பிறகு உன் தம்பி கோபிசங்கர் கண்ணாடித் தொட்டியில் இரண்டு மீன் வளர்த்தான், வெள்ளி உடம்பு, வரிசையாகக் கறுப்புப் பொட்டு. டெங்குவில் அவன் போனான், நோர்வே விசா புதுப்பிப்பில் கிடந்ததால் உன்னாலும் செத்த வீட்டுக்கு வர முடியவில்லை. அந்தத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா விழுந்து அழுவார். மீனைக் கொல்ல மனம் வரவில்லை, விற்க அதைவிட மனம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள், அவன் பேரில் இரண்டு உயிராவது கோவிலில் இருக்கட்டும் என்று வாளியில் கொண்டுபோய்க் கேணியில் விட்டேன். புண்ணியம் என்றுதான் நினைத்தேன் பிள்ளை.

அன்றிலிருந்து அம்மா தினமும் பின்னேரம் கேணிப் படியில் போய் இருப்பார். மூச்செடுக்க ஒரு வெள்ளி முதுகு மேலே வந்து புரளும். என்ரை பிள்ளையின்ரை மீன் இண்டைக்கும் வந்ததப்பா என்று சொல்லிக்கொண்டு வந்துதான் சாப்பிடுவார். உன் அறிக்கையைப் பார்த்துக் கோவில் சபை கூடி, வருகிற புதன்கிழமை கேணியை இறைத்து அந்த மீனை முழுக்க எடுப்பது, பனையேறியை மட்டும் வாளியில் காப்பாற்றித் திரும்ப விடுவது என்று தீர்மானித்திருக்கிறது. செயலாளர் நான், கையெழுத்தும் நான்தான் வைத்தேன். உன் கட்டுரையில் மீனை விட்டவர் யாரென்று தெரியாது என்று எழுதாதே. என் பேரை எழுது. தம்பியின் பேர் மட்டும் வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் முழித்துப் படிக்காதே, பிள்ளையார் உன்னைக் கைவிடமாட்டார். ஒன்றை மறந்துவிடாதே. புதன்கிழமை எங்கள் நேரம் ஐந்து மணிக்கு அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்து ஒரு மணித்தியாலமாவது விடாமல் கதை. அவர் கேணிக்கு வெளிக்கிடுகிற நேரம் அது. அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. கடைசி மீனையும் எடுத்த பிறகு வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.

உன் அப்பா,
அருளம்பலம்