போர்ட்டோவில் பார்த்த உன் முகம்

அன்பு மகள் லியோனோருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. தனியாக ஒரு நாள் போய் ஓவியக் கூடங்களில் படங்களைப் பார் என்று நீ போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாயே, போன சனிக்கிழமை போர்ட்டோ நகரத்துக்கு ரயில் ஏறிவிட்டேன். "சுவரப் பாக்கவா அவ்வளவு தூரம் போற? நம்ம வீட்டுச் சுவரே ஒழுகி ஒழுகிப் படம் போட்டு வச்சிருக்கே" என்று அப்பா கிண்டல் செய்தார்.

முதல் கூடத்தில் வெள்ளைத் துணியில் வெள்ளையாகவே பூசியிருந்தார்கள், அடுத்ததில் கூரையிலிருந்து கயிறு தொங்கியது, பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். ஒரு காபி குடித்துவிட்டு மழைக்கு ஒதுங்கிய சின்னக் கூடத்தில்தான் உன்னைப் பார்த்தேன். அங்கே மாட்டியிருந்த ஒரு படத்தில், சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாய். அதே தூக்கின இடது தோள், ஊஞ்சலிலிருந்து விழுந்தபோது பட்ட அதே புருவத் தழும்பு. "ஐயோ, இது எம் பொண்ணு" என்று கத்தியே விட்டேன். கூடத்தைப் பார்த்துக்கொள்கிற ஃபிலிப்பா என்ற பெண் பயந்துபோய், மாடியில் குடியிருக்கும் ஓவியர் எர்மெலிந்தா அம்மாளைக் கூப்பிட்டாள். அவர் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்து, "அவ என் தங்கச்சிம்மா. நான் வரைஞ்சப்ப உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல இருந்திருப்பா" என்றார். தழும்பைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "அடக் கடவுளே, இது தழும்பில்ல, பெயின்ட் உரிஞ்சிருக்கு!" என்றார்.

வெட்கத்தோடு வெளியே வந்துவிட்டேன். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்தேன். நீ இல்லை என்று தெரிந்த பிறகும் அவளைத் தனியாக அழவிட்டு வர மனம் வரவில்லை. எர்மெலிந்தா அம்மாள் எனக்கு ஒரு நாற்காலி போட்டார், தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவை அடைக்கும்வரை இருவரும் அந்தப் படத்தின் முன்னால் இருந்தோம். ரயிலை விட்டு அடுத்ததில் வந்ததற்கு, "ஒரே படத்தையா அவ்வளவு நேரம் பாத்த?" என்று அப்பா திட்டினார். எனக்கே புரியவில்லை லியோனோர். பெரியவளான பிறகு நீ அழுது நான் பார்த்ததே இல்லை. விமானமேறும்போதுகூடச் சிரித்துக்கொண்டுதான் போனாய். பிறகு அந்த அழுகிற முகம் உன்னுடையதுதான் என்று எனக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தோன்றியது? ஞாயிற்றுக்கிழமைதோறும் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்கிறாய், பொய் என்று சொல்லவில்லை, ஆனால் அதைக் கேட்டதும் போனை வைத்துவிட இப்போது முடியவில்லை.

ஏப்ரலில் அங்கே வருகிறேன். அப்பாவிடம் சொன்னேன், பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாதா உன் கூடவே இருக்கட்டும். நீ நன்றாக இருந்தால் இருவரும் சேர்ந்து ஊர் சுற்றலாம், இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வர வேண்டாம் என்று சொல்ல மட்டும் போன் செய்யாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
கிராசிந்தா