திரைக்குப் பின்னால் பாடியவர்

பர்னி,
ஆகஸ்ட், ஞாயிறு

அன்பு மகள் ஜோஸ்லினுக்கு அம்மா எழுதுவது. அபர்டீனில் இப்போது வெயில் என்கிறாய், அது பூமியின் தென்கோடியில் எங்கள் ஆகஸ்ட் குளிரைவிட மோசமாயிற்றே, உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நான் சுகம். அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மூன்று வாரமாக வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். உன்னிடம் போனில் தொண்டைக் கட்டு என்பார், நம்பாதே.

நம் ஊர்ப் பாடகர் குழு இந்த வருஷம் முந்நூறு வருஷப் பழைய ஓபரா இசைநாடகம் ஒன்றை எடுத்திருக்கிறது. வேஷம் கிடையாது, கறுப்பு உடையில் நின்றபடி பாடுவது. ராணி நான்தான், பின்னே யார், கிளெனிஸ் பாடினால் சர்ச் ஹாலில் இருக்கிற வௌவாலும் வீடு மாற்றிவிடும். ராணியைக் கைவிட்டு ஓடுகிற இளவரசன் யார் என்பதில்தான் சண்டை. எனக்கு ஆகாத அந்த நெவில், தனக்குத்தான் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தான். குழுவை நடத்தப் புதிதாக வந்திருக்கும் ஃப்ரேயா, முகம் பார்த்து ஓட்டுப் போடக் கூடாது என்று சொல்லி மேடைத் திரையை மூடிவிட்டாள். ஆசைப்படுகிறவர்கள் பின்வாசல் வழியாக வந்து திரைக்குப் பின்னால் பாட வேண்டும், நாங்கள் கண்ணை மூடிக் கை தூக்க வேண்டும். அப்பா டீக்கு வெந்நீர் வைக்கிறேன் என்று எழுந்து போனார். எப்போதும் அவர் வேலைதானே அது.

இரண்டாவது குரல் உச்சிக்குப் போகும்போது நடுங்கியது. நெவில்தான் என்று நினைத்தேன், விடுவேனா. "அய்யோ, அந்தக் கிழட்டு ஆட்ட யாராச்சும் அவுத்து விடுங்கப்பா, கத்தியே செத்துரும்" என்று உரக்கச் சொன்னேன். ஹாலே சிரித்தது. "டொரீன், உனக்கு வாயா அது, கசாப்புக் கத்தி" என்றாள் கிளெனிஸ். பாட்டு பாதியில் நின்றது. ஒரு கைகூட உயரவில்லை. ஃப்ரேயா திரையை விலக்கினாள், கையில் இசைத்தாளோடு உன் அப்பா. "டீ ஆறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார்.

இத்தனை வருஷம் பின்வரிசையில் நின்றவருக்கு ஒரே ஒரு தடவை தனியாகப் பாட ஆசை வந்திருக்கிறது. நாயை நடக்கக் கூட்டிப் போகிறேன் என்று கடற்கரைக்குப் போய் அதனிடம்தான் பாடிக் காட்டினாராம், கிளெனிஸ் பார்த்தாளாம், இப்போது வந்து சொல்கிறாள் மகராசி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேனே என்று வீட்டில் கத்தினேன். "சொல்லியிருந்தா வீட்லயே சிரிச்சிருப்ப, டொரீன்" என்றார்.

இளவரசன் நெவிலாகிவிட்டான். கதைப்படி அந்த மூஞ்சி விட்டுப் போகிறது என்று நான் துக்கத்தில் சாக வேண்டுமாம், சிரிப்புத்தான் வருகிறது. நான் செத்ததும் மொத்தக் குழுவும் எனக்காக அழுது பாடும். அப்பா ஒத்திகையில் அப்போது வாயை மட்டும் அசைக்கிறார், சத்தமே வருவதில்லை என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் கடவுள் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும். அடுத்த ஞாயிறு மறக்காமல் அப்பாவைக் கூப்பிட்டு, எனக்காகப் பாடுங்கள் என்று கேள். ஆடு மாதிரி இருந்தாலும் புகழ்ந்து வை. நான் சொன்னேன் என்று சொல்லாதே. அடுக்களையில் நின்று கேட்டுக்கொள்கிறேன், இந்தத் தடவை யார் குரல் என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா,
டொரீன்